நிலா எங்கே, ராசி எங்கே

டாரட் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கட்டில் ‘மூன்’ என்று பெயரே போட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் சந்திரனுக்கு உரிய சீட்டு எது என்று அட்டவணையைப் பார்த்தால் ‘ஹை பிரீஸ்டஸ்’ என்கிறது. அப்படியானால் மூன் சீட்டு யாருடையது? மீன ராசியினுடையது. சந்திரனின் சொந்த வீடான கடகத்துக்கோ இன்னொரு சீட்டு: ‘சேரியட்’, அதாவது ரதம். போதாக்குறைக்கு, பௌர்ணமியன்று இந்தச் சீட்டை எடு, அமாவாசையன்று அந்தச் சீட்டை எடு என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். ராசியும் கிரகமும் சீட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டவை. நீங்கள் என்றைக்கு எடுத்தாலும் எம்பரர் சீட்டு மேஷம்தான். சந்திரனின் கலைகள், அதாவது வளர்பிறையும் தேய்பிறையும், சீட்டுக்கு வெளியே இருப்பவை. அவை நீங்கள் சீட்டை விரிக்கும் நேரத்தைச் சொல்பவை. ஒன்று வீட்டின் கதவு எண், மற்றது நீங்கள் போய்க் கதவைத் தட்டிய நேரம். இரண்டையும் ஒரே அட்டவணையில் திணிக்கப் பார்ப்பதால்தான் பாதிப் புத்தகங்கள் படிப்பவரைக் குழப்புகின்றன.

பொருத்தம் வந்த வழி

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், சீட்டாட்டமாக. அப்போதே கட்டில் நட்சத்திரமும் நிலாவும் சூரியனும் படங்களாக இருந்தன என்றாலும் பன்னிரண்டு ராசிகளை யாரும் சீட்டுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கவில்லை. 1781இல் கூர் த ஜெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர், இது பழைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கதை பிடித்துக்கொண்டது. 1850களில் எலிஃபாஸ் லெவி என்பவர் 22 பெரிய சீட்டுகளையும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார். நாம் இன்று பயன்படுத்தும் ராசிப் பொருத்தத்தை முறைப்படுத்தியது 1888இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானக் கழகம். அதன் நிறுவனர்களில் ஒருவரான மேக்ரெகர் மாத்தர்ஸ் எழுதிய குறிப்புகள்தான் இதற்கு அடிப்படை.

1909இல் வெளிவந்த ரைடர் கட்டைத்தான் நம்மில் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கிறோம். அதை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட், படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் இருவருமே அந்தக் கழகத்தில் இருந்தவர்கள். கழகத்தின் பாடங்கள் ரகசியம் என்பதால் வெய்ட் ராசி அட்டவணையை வெளிப்படையாகத் தரவில்லை. படங்களுக்குள் ஆங்காங்கே தடயம் மட்டும் கிடக்கிறது: எம்பரரின் சிம்மாசனத்தில் ஆட்டுக்கடாத் தலைகள், ஸ்ட்ரெங்த் சீட்டில் சிங்கம், ஜஸ்டிஸின் கையில் தராசு, ஸ்டார் சீட்டில் இரண்டு குடங்களிலிருந்து நீர் ஊற்றும் பெண். எல்லாச் சீட்டிலும் இப்படித் தேடாதீர்கள். விருச்சிகத்துக்கு உரிய டெத் சீட்டில் தேளைக் காணவே முடியாது.

ஆக, இந்தப் பொருத்தம் வானத்திலிருந்து இறங்கியது இல்லை. சிலர் உட்கார்ந்து கட்டிய ஒரு மொழி. இலக்கணம் சீராக இருப்பதால் கற்றுக்கொள்ளத் தகுந்தது. அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

பெரிய சீட்டுகள் 22

22 என்ற எண்ணை 12, 7, 3 என்று பிரியுங்கள். பன்னிரண்டு ராசிகள், ஏழு கிரகங்கள், மூன்று பூதங்கள். நவகிரகத்தில் பழகிய நமக்கு இங்கே ராகுவும் கேதுவும் இல்லை என்பதை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ராசிகளை மனப்பாடம் செய்ய அட்டவணையே வேண்டாம். நான்காம் எண் எம்பரரில் மேஷத்தை வைத்து எண்ணத் தொடங்குங்கள். ஐந்து, ஹைரோஃபன்ட்: ரிஷபம். ஆறு, லவ்வர்ஸ்: மிதுனம். ஏழு, சேரியட்: கடகம். எட்டு, ஸ்ட்ரெங்த்: சிம்மம். ஒன்பது, ஹெர்மிட்: கன்னி. பத்தைத் தாண்டி, பதினொன்று ஜஸ்டிஸ்: துலாம். பன்னிரண்டைத் தாண்டி, பதின்மூன்று டெத்: விருச்சிகம். பதினான்கு டெம்பரன்ஸ் தனுசு, பதினைந்து டெவில் மகரம். பதினாறைத் தாண்டி, பதினேழு ஸ்டார் கும்பம், பதினெட்டு மூன் மீனம். நடுவில் விடும் எண்கள் 10, 12, 16 மட்டும். விரல்விட்டு இரண்டு முறை எண்ணினால் மறக்காது.

பழைய மார்செய் கட்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஜஸ்டிஸ் எட்டாவது, ஸ்ட்ரெங்த் பதினொன்றாவது. ராசி வரிசைப்படி எட்டாம் இடம் சிம்மத்துக்கும் பதினொன்றாம் இடம் துலாமுக்கும் வருவதால், சிங்கத்தை எட்டுக்கும் தராசைப் பதினொன்றுக்கும் மாற்றிவிட்டது கோல்டன் டான். வரிசை கெடாமலிருக்கப் படத்தை இடம் மாற்றிய துணிச்சல் அது.

கிரகங்களுக்கு வருவோம். மெஜீஷியன் புதன், ஹை பிரீஸ்டஸ் சந்திரன், எம்ப்ரஸ் சுக்கிரன், வீல் ஆஃப் ஃபார்ச்சூன் குரு, டவர் செவ்வாய், சன் சீட்டு சூரியன், வேர்ல்டு சனி. மிச்சம் மூன்று: ஃபூல் காற்று, ஹேங்டு மேன் நீர், ஜட்ஜ்மென்ட் நெருப்பு. இந்த மூன்றுக்கும் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்று போட்டிருக்கும் புத்தகங்கள் பிற்காலத்தவை. தவறு என்று சொல்ல மாட்டேன், வேறு முறை.

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். ஹை பிரீஸ்டஸ் சந்திரனே: காலடியில் பிறை, தலையில் நிலா வட்டம் தாங்கிய கிரீடம், பின்னால் மாதுளைகள் வரைந்த திரை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவள் குணம். சேரியட் சந்திரனின் வீடு: ரதம் ஓட்டுபவனின் இரண்டு தோள்களிலும் பிறைமுகங்கள் இருப்பதைப் பாருங்கள். கடகத்தின் ஓடு, கவசமாக வந்திருக்கிறது. மூன் சீட்டு மீனம்: தண்ணீரிலிருந்து ஏறிவரும் நண்டினம், ஊளையிடும் நாயும் ஓநாயும், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொலைவுக்குப் போகும் பாதை. சந்திரன் என்ற கிரகத்தைப் பற்றி இது பேசவில்லை. நிலா வெளிச்சத்தில் நடப்பவனின் பயத்தையும் மயக்கத்தையும் பேசுகிறது. ஹை பிரீஸ்டஸ் வந்தால் ‘பொறுத்திருந்து கேள்’ என்று படிக்கலாம். மூன் வந்தால் ‘பார்ப்பது எல்லாம் அதுதானா என்று சரிபார்’ என்று படிக்கலாம். இரண்டையும் ‘உள்ளுணர்வு’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது சோம்பேறித்தனம்.

சிறிய சீட்டுகளும் செவ்வாய்க்கிழமை ஓரையும்

சிறிய சீட்டுகளில்தான் சோதிடம் கொஞ்சம் தெரிந்த தமிழ் வாசகருக்குப் பெரிய சலுகை காத்திருக்கிறது. மேலைநாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் உருப்போடும் 36 சீட்டு அட்டவணையை, பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர் ஒரு மாலையில் பிடித்துவிடலாம்.

ஒவ்வொரு ராசியையும் பத்துப் பத்துப் பாகையாக மூன்று துண்டு போடுங்கள். 12 ராசிக்கு 36 துண்டு. நான்கு வகைச் சீட்டுகளில் இரண்டு முதல் பத்து வரை எண்ணினால் அதுவும் 36. ஏஸ் நான்கும் பூதங்களின் வேர் என்பதால் இதில் சேராது. வாண்ட்ஸ் நெருப்பு ராசிகளுக்கு, கப்ஸ் நீர் ராசிகளுக்கு, ஸ்வோர்ட்ஸ் காற்று ராசிகளுக்கு, பென்டக்கிள்ஸ் நில ராசிகளுக்கு. எண்களுக்கு நமக்குத் தெரிந்த பாகுபாடுதான்: சர ராசிக்கு 2, 3, 4. ஸ்திர ராசிக்கு 5, 6, 7. உபய ராசிக்கு 8, 9, 10.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். செவன் ஆஃப் கப்ஸ். கப்ஸ் என்றால் நீர், ஏழு என்றால் ஸ்திரம். ஸ்திர நீர் ராசி விருச்சிகம். ஏழு மூன்றாவது எண் என்பதால் விருச்சிகத்தின் கடைசிப் பத்துப் பாகை.

அடுத்து, அந்தப் பத்துப் பாகைக்கு அதிபதி யார்? மேஷத்தின் முதல் துண்டில் செவ்வாயை வைத்து, சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு என்று சுற்றிக்கொண்டே போக வேண்டும். இந்த வரிசையை எங்கோ பார்த்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை சூரிய உதயத்திலிருந்து ஓரைகள் ஓடும் வரிசை இதுவேதான். கிரகங்களின் வேகத்தை வைத்துப் பழங்காலத்தவர் அடுக்கிய வரிசை. ஓரையும் இந்த 36 துண்டும் அதே அடுக்கிலிருந்து வந்தவை. 36ஐ ஏழால் வகுத்தால் ஒன்று மீதி. அதனால் மீனத்தின் கடைசித் துண்டும் செவ்வாய், மேஷத்தின் முதல் துண்டும் செவ்வாய் என்று இரட்டையாக நிற்கும். டென் ஆஃப் கப்ஸும் டூ ஆஃப் வாண்ட்ஸும் அடுத்தடுத்து வரும்போது ஒன்று முடிந்த சூட்டிலேயே அடுத்தது தொடங்குவதாகப் படிக்கலாம்.

ஜாதகத்தில் திரேக்காணம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவும் ராசியைப் பத்துப் பாகைகளாகப் பிரிப்பதுதான், ஆனால் அதிபதிகள் வேறு. மேஷத்தின் திரேக்காணங்களுக்கு நம் முறையில் செவ்வாய், சூரியன், குரு. டாரட்டில் செவ்வாய், சூரியன், சுக்கிரன். முதல் இரண்டும் ஒத்துப்போவதால் மூன்றாவதும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடுவார்கள்.

இந்தச் சுற்றில் சந்திரனுக்கு ஐந்து சீட்டுகள் விழுகின்றன. ரிஷபத்தில் சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ், கடகத்தில் ஃபோர் ஆஃப் கப்ஸ், துலாமில் டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ், தனுசில் நைன் ஆஃப் வாண்ட்ஸ், கும்பத்தில் செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கட்டிலிருந்து இந்த ஐந்தையும் எடுத்து வரிசையாக வையுங்கள். தராசைப் பிடித்துக் காசு கொடுக்கும் வணிகர்; மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்து, மேகத்திலிருந்து நீளும் கோப்பையைக் கண்டுகொள்ளாத இளைஞன்; கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாள்களைக் குறுக்காக ஏந்திய பெண்; தலையில் கட்டுப்போட்டுக் கழியில் சாய்ந்து காவல் நிற்பவன்; கூடாரத்திலிருந்து ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு நழுவுகிறவன். நிலையில்லாத மனம் ஐந்து விதமாக நிற்கிறது.

நம்மூர் அறிவு இங்கே உதவும். சந்திரன் ரிஷபத்தில் உச்சம், கடகத்தில் ஆட்சி. மேலை முறையிலும் அப்படியே. உச்சச் சந்திரனின் சீட்டில் கொடுக்கிற கை இருப்பது பொருந்துகிறது. ஆட்சி வீட்டில் இருப்பவன் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்? சொந்த வீட்டில் எல்லாம் கிடைப்பதால் புதிதாக வருவது கண்ணில் படவில்லை என்று நான் படிக்கிறேன். வேறு விதமாகவும் படிக்கலாம். ஆனால் ‘ஆட்சி என்றால் நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடப் படத்தைப் பார்ப்பது மேல்.

இந்த ஐந்தில் நிலா வரைந்திருப்பது ஒரே ஒரு சீட்டில்தான்: டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ், கடலுக்கு மேலே சின்னப் பிறை. மறுபக்கம், எய்ட் ஆஃப் கப்ஸில் பெரிய நிலா முகம் தெரிகிறது. அது சந்திரனின் சீட்டே இல்லை, மீனத்தில் சனி. அடுக்கி வைத்த கோப்பைகளை விட்டுவிட்டு மலைப்பக்கம் நடக்கிறவனின் சீட்டு. மீனம் என்பதால் மூன் சீட்டின் இருட்டுப் பாதைக்கு உறவு. படத்தில் நிலா இருந்தால் சந்திரன் என்று எண்ணி ஏமாற வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கட்டில் கிடையாது.

கோர்ட் சீட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குயின்கள் சர ராசிகளுக்கு என்பது வரை பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். கிங், நைட் விஷயத்தில் கட்டுக்குக் கட்டு பெயர் மாறுவதால் சண்டை தீரவில்லை. பேஜ்களுக்கு ராசியே கிடையாது. குறிகளைக் கண்ணால் பார்த்தே பழக வேண்டும் என்றால் அலைஸ்டர் குரோலி திட்டமிட்டு லேடி ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டை வாங்கலாம். சிறிய சீட்டுகளில் கிரகக் குறியும் ராசிக் குறியும் அச்சிட்டே இருக்கும்.

நம் பஞ்சாங்கத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

தமிழில் டாரட் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நமக்கு ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசி. மேலைநாட்டார் ‘நான் சிம்மம்’ என்றால் சூரியன் நின்ற ராசி. அது முதல் வேறுபாடு. இரண்டாவது, மேஷம் எங்கே தொடங்குகிறது என்பது. அவர்களுக்கு மார்ச் 21ஐ ஒட்டி, பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் மேஷத்துக்குள் நுழைகிறது. நமக்குச் சித்திரை 1, ஏப்ரல் 14. இடையில் இருப்பது அயனாம்சம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 24 பாகை.

சீட்டுகளுக்கு எதைப் பின்பற்றுவது? மாத்தர்ஸின் குறிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. சிம்மத்தின் தொடக்கத்தை ரெகுலஸ் என்ற விண்மீனிலிருந்து எண்ணச் சொல்கிறார். அது நம் மகத்தின் முதன்மை விண்மீன். சிம்மம் மகத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் நமக்கு இது அந்நியமாகத் தெரியாது, பாகை அச்சாகப் பொருந்தாவிட்டாலும். ஆனால் பிற்கால டாரட் புத்தகங்களும் செயலிகளும் ஏறக்குறைய எல்லாமே மார்ச் 21 கணக்கையே எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றோடு சேர்த்துப் படிக்கப் போகிறீர்கள் என்றால் அதையே பின்பற்றுங்கள் என்பது என் பரிந்துரை. சித்திரை 1இலிருந்து எண்ணும் நம் நிராயன முறையிலேயே நிற்பேன் என்றால் அதுவும் சரி; நடுவில் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

திதிக்கு இந்தத் தகராறே கிடையாது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள தூரம், 12 பாகைக்கு ஒரு திதி. இரண்டிலிருந்தும் 24 பாகையைக் கழித்தால் இடைவெளி மாறாது. லண்டனில் பௌர்ணமி நிகழும் கணமே மதுரைக்கும் பௌர்ணமி. எனவே பிறைநிலையை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியிலிருந்தே எடுக்கலாம், அயனாம்சம் பார்க்க வேண்டாம். சந்திரன் நின்ற ராசியை மட்டும் அப்படியே எடுக்கக் கூடாது.

மாற்றுவதற்கு ஒரு குறுக்குவழி: ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். அதில் முதல் இரண்டு பாதங்களில் சந்திரன் இருந்தால் மேலை முறையிலும் ஏறக்குறைய அதே ராசி; மற்ற ஏழு பாதங்களில் அடுத்த ராசி. கடகத்தில் புனர்பூசம் 4, பூசம் 1 இரண்டும் கடகமாகவே இருக்கும். பூசம் 2 முதல் ஆயில்யம் முடிய, அவர்கள் கணக்கில் சிம்மம். பாகைக் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும்; சீட்டு படிக்க இது போதும்.

அமாவாசையும் பௌர்ணமியும்: எதிர்முனைச் சோடிகள்

அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில். பௌர்ணமியில் எதிரெதிரே. தைப்பூசத்தை நினைத்துக்கொண்டால் மறக்காது: தை மாதம் சூரியன் மகரத்தில், முழுநிலா பூசத்தை ஒட்டிக் கடகத்தில். இந்த வானியல் உண்மை ஒன்றிலிருந்தே பெரிய சீட்டுகள் ஆறு சோடிகளாக நிற்பதைக் காணலாம். எம்பரருக்கு எதிரே ஜஸ்டிஸ், ஹைரோஃபன்ட்டுக்கு எதிரே டெத், லவ்வர்ஸுக்கு எதிரே டெம்பரன்ஸ், சேரியட்டுக்கு எதிரே டெவில், ஸ்ட்ரெங்த்துக்கு எதிரே ஸ்டார், ஹெர்மிட்டுக்கு எதிரே மூன்.

இவற்றைச் சோடியாகவே படித்துப் பழகுங்கள். தன் விருப்பப்படி ஆள்கிற எம்பரரை எடைபோட்டுக் கேள்வி கேட்பது ஜஸ்டிஸ். கன்னியின் ஹெர்மிட் விளக்கை ஏந்தி ஒரு நேரத்தில் ஓர் அடியைப் பார்க்கிறார். மீனத்தின் மூன் விளக்கில்லாத பாதையைக் காட்டுகிறது. கவசம் பூட்டிய சேரியட்டுக்கு எதிரே, கழற்றக்கூடிய சங்கிலியையே கழற்றாமல் நிற்கிற டெவில் சீட்டின் இருவர். பௌர்ணமியன்று ஒரு சீட்டு எடுத்தால் அதன் எதிர்முனை எது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1. நம் கணக்கில் சூரியன் மகரம், சந்திரன் கடகம். அதாவது டெவிலும் சேரியட்டும். மேலை முறையில் சூரியன் கும்பத்தில் சுமார் 13 பாகை, முழுநிலா சிம்மத்தில் அதே 13 பாகை. பெரிய சீட்டுகள் ஸ்டாரும் ஸ்ட்ரெங்த்தும். 13 பாகை இரண்டாவது துண்டில் விழுவதால் சிறிய சீட்டுகளில் கும்பத்துக்கு சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், சிம்மத்துக்கு சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ். படகில் அமைதியாக அக்கரைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், வெற்றி மாலையோடு குதிரையில் ஊர்வலம் வருகிறவன் மறுபக்கம். இந்த நான்கையும் மேசையில் வைத்து, ‘நான் எதைப் பலர் பார்க்கச் செய்ய வேண்டும், எதைச் சத்தமில்லாமல் விட்டுக் கிளம்ப வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். முறை எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது புரியும்.

நான்கு பிறை விரிப்பு

பிறைநிலையைச் சீட்டில் சேர்க்கும் வழக்கம் கோல்டன் டான் அட்டவணையில் இல்லை. பிறையை எட்டுக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மனநிலை சொல்லும் முறையைச் சோதிடர் டேன் ருடயார் பரப்பினார். சீட்டுக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். எட்டும் வேண்டாம், நான்கு போதும்: அமாவாசை, வளர்பிறை அஷ்டமி, பௌர்ணமி, தேய்பிறை அஷ்டமி. பாதி நிலா சரியாக அஷ்டமித் திதியின் நடுவில் நிகழ்கிறது. 90 பாகையை 12ஆல் வகுத்தால் ஏழரை. ருடயார் இந்த இரண்டு பாதி நிலாக்களையும் நெருக்கடிக் கட்டங்களாகப் பார்த்தார். அஷ்டமியில் எதையும் தொடங்காத நம் பாட்டிமாருக்கு அவரைப் பிடித்திருக்கும்.

நான்கு சீட்டுகளை இடமிருந்து வலமாக வையுங்கள். முதல் இடம் விதை: எதைத் தொடங்குகிறேன். இரண்டாவது தடை: எங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வெளிச்சம்: எது தெரிய வருகிறது. நான்காவது கழிவு: எதை இறக்கிவைக்க வேண்டும்.

தையற்கடை வைத்திருக்கும் ஒருவர், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். வந்த சீட்டுகள்: த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ், டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ், ஸ்டார், டென் ஆஃப் வாண்ட்ஸ்.

முதல் இடத்தில் மகரத்தில் செவ்வாய், உச்சம். கைவேலையில் தேர்ந்தவர், வேகமும் கட்டுப்பாடும் சேர்ந்திருக்கிறது, விதை நல்லது. இரண்டாம் இடத்தில் துலாமில் சந்திரன், கண்கட்டிய பெண். பாதி நிலா இடத்தில் பாதியே தெரிந்து தயங்கும் சீட்டு வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தின் எந்த வரியைப் படிக்காமல் தள்ளிப்போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டிய இடம். மூன்றில் ஸ்டார், கும்பம். பௌர்ணமி இடம் என்பதால் எதிர்முனை ஸ்ட்ரெங்த்தையும் பார்க்கிறோம். நீண்ட நாள் நம்பிக்கை இருக்கிறது, அன்றாடம் சிங்கத்தின் வாயைப் பிடிக்கும் உரம் இருக்கிறதா? நான்கில் தனுசில் சனி, பத்துக் கழிகளைத் தனியாகச் சுமக்கிறவன். தேய்பிறை இடத்தில் இது தெளிவாகப் பேசுகிறது: எல்லாத் துணியையும் தானே வெட்டித் தைக்கும் பழக்கத்தை விடாமல் இரண்டாவது கடை நடக்காது. ‘எடுக்கலாமா’ என்ற கேள்வி ‘ஆள் வைக்கத் தயாரா’ என்று மாறிவிட்டது. சீட்டு செய்யக்கூடிய வேலை அவ்வளவே. முடிவும் வாடகைக் கணக்கும் அவருடையவை.

இங்கே ராசி சீட்டின் தன்மையைச் சொன்னது. பிறை அந்தச் சீட்டிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னது. டென் ஆஃப் வாண்ட்ஸ் முதல் இடத்தில் வந்திருந்தால் அதே தனுசுச் சனிதான், கேள்வி வேறாகியிருக்கும்: இவ்வளவு சுமையோடு ஏன் தொடங்குகிறீர்கள்?

படத்தில் உள்ள பிறைகளை வைத்து வளர்பிறையா தேய்பிறையா என்று கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மூன் சீட்டில் இருப்பது வளரும் நிலா என்று வெய்ட்டே எழுதியிருக்கிறார். மற்ற சீட்டுகளுக்கு அப்படி உறுதியான விளக்கம் இல்லை. தவிர, இங்கிலாந்து வானத்தில் நிமிர்ந்து நிற்கும் பிறை நம் ஊரில் ஏறக்குறையக் கிடந்தவாக்கில் தெரியும். மூன்றாம் பிறையை மொட்டைமாடியிலிருந்து பார்த்தவருக்கு இது தெரியும். படத்தைவிட நாள்காட்டியை நம்புங்கள்.

ஒரு மாதம் இதை இப்படிப் பழகலாம். அமாவாசையன்று நான்கு சீட்டுகளையும் எடுத்து, கேள்வியோடு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கட்டம் வரும்போதும் புதுச் சீட்டு எடுக்காமல் அந்தந்த இடத்தின் சீட்டை மட்டும் திருப்பிப் பார்த்து, நடந்ததை ஓரிரு வரி எழுதுங்கள். ஒரு சுற்று சுமார் இருபத்தொன்பதரை நாள். ராசியும் அதிபதியும் தானாக வாயில் வர இப்படி மூன்று நான்கு சுற்று ஆகும்.

சீட்டுக்கட்டைப் பௌர்ணமி நிலவில் வைத்துச் சக்தியேற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பிடித்திருந்தால் ஜன்னலோரம் வையுங்கள். மாடியில் இரவு முழுக்கப் பனியில் கிடந்தால் சீட்டின் ஓரம் உரிந்துபோகும். பௌர்ணமியில் விரித்தால் பலன் கூடும், அதற்குத் தனிக் கட்டணம் என்று எவராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு விதி இந்த முறையில் எங்கும் கிடையாது.